அபிவிருத்தி உதவியில் முன்னுரிமை: ஓர் அறவியல் நோக்கு

கொடுப்பவரிடம் இருப்பது சிறிது, வேண்டுவோர் பலர். இந்நிலையில் எவருக்கு முதலிற் கொடுப்பது, எதற்காகக் கொடுப்பது என்ற வினா ஒரு வீட்டின் வாயிலில் எழும்போது அவ்வீட்டாரின் மனச்சாட்சியோடு அது முடிந்துவிடுகின்றது. அதே வினா நாடுகளுக்கிடையே எழும்போது கோடிக்கணக்கானோரின் வாழ்வும் சாவும் அதற்குக் கிடைக்கும் விடையிலே தங்கியுள்ளன. 1973ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் நைரோபியில் உரையாற்றிய உலக வங்கித் தலைவர் றொபேட் மக்னமாரா, வளர்முக நாடுகளின் மக்களுள் ஏறத்தாழ 40 வீதத்தினர் முற்றான வறுமையில் வாழ்வதாகக் கூறி, அபிவிருத்தி உதவி அவர்களை நேராகச் சென்றடைய வேண்டும் என வலியுறுத்தினார். அதன்பின் அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. முற்றான வறுமையில் வாழ்வோரின் விகிதம் பெரிதும் குறைந்துள்ளது. எனினும், குறைந்த வளத்தைக் கொண்டு எதனை முதலிற் செய்வது என்ற வினா இன்னும் தீர்ந்தபாடில்லை.

முன்னுரிமை என்பது திட்ட அறிக்கைகளில் அடிக்கடி இடம்பெறும் சொல்லாகையால் அதன் கனதி பெரும்பாலும் உணரப்படுவதில்லை. ஒன்றை முன்னே வைப்பவர் மற்றொன்றைப் பின்னே வைக்கிறார். பின்னே வைக்கப்பட்டது வீதியோ கட்டடமோ எனின், அது காத்திருக்கும். மனித உயிர்கள் எனின், காத்திருக்கும் காலத்திலேயே அவற்றுட் பல அழிந்துவிடும். எனவே, இவ்வினாவைப் பொருளியலாளரிடமும் நிர்வாகிகளிடமும் மட்டும் ஒப்படைத்துவிட முடியாது. அதன் அடியில் அறவியற் பிரச்சினை ஒன்று உள்ளது. அப்பிரச்சினையின் பல முகங்களையும் ஆராய்வது இங்கு நோக்கமாகும்.

ஈகையா, கடமையா?

முன்னுரிமை பற்றிப் பேசுமுன் உதவியின் இயல்பு தெளிவாதல் வேண்டும். உதவி வெறும் ஈகையெனின், கொடுப்பவர் தாம் விரும்பியவருக்கு விரும்பியதைக் கொடுக்கலாம். அதனைக் கேள்விக்குட்படுத்தப் பிறர்க்கு உரிமையில்லை. அது கடமையெனின், கொடுக்கும் முறையும் நியாயத்தின் தராசில் நிறுக்கப்பட வேண்டியதாகும்.

1971இல் கிழக்கு வங்கத்திலிருந்து ஏறத்தாழ 1 கோடி மக்கள் இந்தியாவுக்கு அகதிகளாக ஓடிவந்தனர். அந்நிகழ்ச்சியைக் கண்முன் நிறுத்தி அவுஸ்திரேலிய மெய்யியலாளர் பீற்றர் சிங்கர் எழுதிய கட்டுரையொன்று 1972இல் வெளிவந்தது. ஆழமற்ற குளத்தில் மூழ்கும் குழந்தையைக் காண்பவர் தம் உடை நனையுமே என்று தயங்குவாராயின் அவரை எவரும் மன்னிக்கமாட்டார்கள்; அவ்வாறாயின், தொலைவில் இறக்கும் குழந்தையை மிகச் சிறிய இழப்புடன் காப்பாற்ற முடிந்தும் வாளாவிருப்பவரை மட்டும் மன்னிப்பது எங்ஙனம் என அவர் வினவினார். தூரம் என்பது கடமையின் அளவைக் குறைப்பதில்லை என்பது அவர் வாதம். இதற்கு நேரெதிரான நிலைப்பாட்டை 1974இல் அமெரிக்க உயிரியலாளர் காரெற் ஹார்டின் முன்வைத்தார். செல்வந்த நாடுகள் ஓர் உயிர்காப்புப் படகு போன்றன. நீரில் தத்தளிக்கும் அனைவரையும் ஏற்றினாற் படகே கவிழும். வறியோருக்கு உணவளிப்பது அவர்தம் தொகையைப் பெருக்கிப் பிற்காலத் துன்பத்தையே கூட்டும் என அவர் வாதித்தார்.

ஹார்டினின் வாதத்தை வரலாறு பொய்ப்பித்துள்ளது. அன்று பலரும் நம்பிக்கை இழந்திருந்த பங்களாதேசத்தில், 1970களில் ஒரு பெண்ணுக்கு ஏறத்தாழ 7 பிள்ளைகள் என்றிருந்த கருவள வீதம் இன்று 2 என்ற அளவிற்கு இறங்கியுள்ளது. பிறந்த பிள்ளைகள் பிழைப்பார்கள் என்ற உறுதியும், பெண்கல்வியும், குடும்பத்திட்ட வசதிகளும் கிடைத்தபோது பெற்றோர் தாமாகவே குறைந்த பிள்ளைகளைப் பெற்றனர். குழந்தைகளைச் சாகவிடுவதாற் சனத்தொகை கட்டுப்படும் என்பது அறத்துக்கும் ஒவ்வாதது. நடைமுறை உண்மைக்கும் ஒவ்வாதது.

தமிழ் மரபிலே திருக்குறள் ஒப்புரவறிதலையும் ஈகையையும் இருவேறு அதிகாரங்களாக வகுத்திருப்பது இங்கு சிந்திக்கத்தக்கது. இல்லாதவர்க்கு இரங்கிக் கொடுப்பது ஒன்று. சமுதாயத்தில் வாழ்பவன் தன் செல்வம் பிறர்க்கும் உரித்தென்பதை அறிந்து ஒழுகுவது மற்றொன்று. சருவதேச உதவி இவ்விரண்டாவது வகையைச் சார்ந்தது என்பதை உலக நாடுகள் சொல்லளவிலேனும் ஏற்றுக்கொண்டுள்ளன. 1969இல் பியர்சன் ஆணைக்குழு விதந்துரைத்ததையொட்டி, 1970ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் பொதுச்சபை, செல்வந்த நாடுகள் தமது தேசிய உற்பத்தியில் 0.7 வீதத்தை உதவியாக வழங்க வேண்டுமெனத் தீர்மானித்தது. 2024ஆம் ஆண்டில் உதவி வழங்கும் பிரதான நாடுகள் சராசரியாக வழங்கியது 0.33 வீதமே. நோர்வே, லக்சம்பேர்க், சுவீடன், டென்மார்க் ஆகிய நான்கு நாடுகள் மாத்திரமே அவ்விலக்கை எட்டின.

முன்னுரிமை தவிர்க்கக்கூடியதா?

வறியோருள் எவரையும் பின்தள்ளலாகாது. ஆகையால் முன்னுரிமை வகுப்பதே தவறு என்று சிலர் கருதக்கூடும். இக்கருத்தின் பின்னுள்ள இரக்கம் மதிக்கத்தக்கதாயினும் இது நிலைநிற்கத்தக்கதன்று. வரிசை வகுக்க மறுப்பதும் ஒருவகை வரிசையே. திட்டமிட்டு ஒழுங்கு செய்யாதவிடத்து, உரக்கக் கேட்பவர் முதலிற் பெறுவர். தலைநகருக்கு அண்மையில் உள்ளோர் முதலிற் பெறுவர். அமைச்சரை அறிந்தோர் முதலிற் பெறுவர். கண்ணுக்குப் புலப்படாத அவ்வரிசையிற் கடைசியில் நிற்போர் எப்போதும் மிக வறியோரே.

இப்பிரச்சினை கூர்மையாக வெளிப்பட்ட களமாக 1978ஐ அடுத்து எழுந்த சுகாதார விவாதத்தைக் குறிப்பிடலாம். அவ்வாண்டு செப்டெம்பர் மாதம் அன்றைய சோவியத் ஒன்றியத்தின் கசகஸ்தானிலுள்ள அல்மா-ஆட்டா நகரில் 134 அரசுகளின் பிரதிநிதிகள் கூடினர். 2000ஆம் ஆண்டளவில் அனைவருக்கும் ஆரோக்கியம் என்ற இலக்குடன், ஆரம்ப சுகாதாரப் பராமரிப்பே அதற்குரிய வழியென அம்மாநாடு பிரகடனம் செய்தது. நோய்க்கு மருந்து கொடுப்பதோடு, தூய நீர், போதிய உணவு, சுகாதாரக் கல்வி, மக்களின் பங்குபற்றல் ஆகிய அனைத்தையும் உள்ளடக்கிய விரிந்த நோக்கு அது. உலக சுகாதார ஸ்தாபனத்தின் பணிப்பாளர் நாயகம் ஹாவ்டன் மாலர் அந்நோக்கின் முதன்மைப் பிரசாரகராக விளங்கினார்.

அடுத்த ஆண்டிலேயே மறுப்பு எழுந்தது. 1979இல் ஜூலியா வால்ஷ், கெனத் வொறன் ஆகிய இருவர், அனைத்தையும் ஒருங்கே செய்வதற்கு வளம் இல்லை. ஆகையால் அதிக உயிர்களைப் பறிப்பனவும் குறைந்த செலவிலே தடுக்கக்கூடியனவுமான சில நோய்களைத் தெரிந்தெடுத்துத் தாக்க வேண்டும் என எழுதினர். இதனை அவர்கள் ஓர் இடைக்கால உபாயம் என்றே குறிப்பிட்டனர். ஐக்கிய நாடுகளின் சிறுவர் நிதியத்தின் தலைவரான ஜேம்ஸ் கிரான்ற் 1982இல் இவ்வழியைப் பின்பற்றிக் குழந்தைகளின் வளர்ச்சியைக் கண்காணித்தல், வாய்வழி நீரூட்டல், தாய்ப்பாலூட்டல், தடுப்பூசி ஆகிய நான்கையும் முன்னிறுத்தினார். ஒருபுறம் முழுமை, மறுபுறம் தெரிவு என இரு முகாம்கள் உருவாயின. இவ்விரண்டுள் எது அறமானது?

எண்ணிக்கையின் நியாயம்

தெரிவை ஆதரித்தோரின் கையில் வலுவான சான்றுகள் இருந்தன. முன்னர் குறிப்பிட்ட 1971ஆம் ஆண்டு அகதிகளிடையே வாந்திபேதி பரவியது. மேற்கு வங்கத்தின் எல்லைப்புறத்து முகாமொன்றில் நாளத்தினூடாக ஏற்றுவதற்குரிய திரவம் தீர்ந்துபோகும் நிலையில், மருத்துவர் திலீப் மகலனாபிஸ் உப்பு, குளுக்கோசு, சோடா உப்பு என்பவற்றை நீரிற் கரைத்துக் குடிக்கக் கொடுக்கும் முறையைக் கையாண்டார். நோயாளரின் உறவினரே அதனைப் பருக்கினர். 30 வீதமளவில் இருந்த இறப்பு 4 வீதத்துக்கும் கீழே இறங்கியது. பெரிய மருத்துவமனையும் விலையுயர்ந்த கருவிகளும் செய்ய முடியாததை ஒரு பொட்டலத் தூளும் ஒரு குவளை நீரும் செய்து காட்டின.

பெரியம்மை ஒழிப்பு மற்றொரு சான்று. 1967இல் தீவிர ஒழிப்புத் திட்டம் ஆரம்பமானபோது அந்நோய் ஆண்டுதோறும் ஏறத்தாழ 20 இலட்சம் பேரைக் கொன்றுகொண்டிருந்தது. 1977இல் சோமாலியாவிற் காணப்பட்டதே இயற்கையாகத் தொற்றிய கடைசி நோய்ச் சம்பவமாகும். 1980இல் உலகம் அந்நோயிலிருந்து விடுபட்டதெனப் பிரகடனம் செய்யப்பட்டது. இதற்கான மொத்தச் செலவு ஏறத்தாழ 30 கோடி டொலர். அதில் மூன்றில் இரண்டு பங்கை நோய் நிலவிய வறிய நாடுகளே தாங்கின என்பதும் மறத்தற்குரியதன்று.

இத்தகைய சான்றுகளைக் கண்டபின், ஒரு தொகைப் பணம் எத்தனை உயிரைக் காக்கும் என்று கணக்கிடுவது இரக்கமற்ற செயல் எனக் கூறுதல் பொருந்தாது. ஒரே தொகையைக் கொண்டு ஆயிரம் குழந்தைகளைக் காப்பாற்ற முடிந்தும் பத்துக் குழந்தைகளை மட்டும் காப்பாற்றும் வழியைத் தெரிந்துகொள்பவர், எஞ்சிய 990 குழந்தைகளுக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டவர். கணக்கிட மறுப்பவர் அக்குழந்தைகளைக் காணாதவராய் இருக்கிறாரேயன்றி அவர்களிடம் கூடுதலான அன்பு உடையவர் அல்லர்.

அமெரிக்க மெய்யியலாளர் ஜோன் டோரெக் 1977இல் இதனை மறுத்தார். ஐவரின் துன்பங்களை ஒன்றாகக் கூட்டி அனுபவிப்பவர் எவரும் இல்லை. ஒவ்வொருவருக்கும் தத்தம் உயிரே இழப்பாகும். ஆகையால் ஐவரைக் காப்பதா ஒருவரைக் காப்பதா என்ற நிலையில் நாணயத்தைச் சுண்டி அனைவர்க்கும் சமவாய்ப்பு அளிப்பதே தகும் என்பது அவரது கூற்று. ஒவ்வோர் உயிரின் தனித்துவத்தையும் நினைவூட்டும் அளவில் இது பெறுமதி வாய்ந்தது. ஆனால், தடுப்பூசி நிதியைப் பொறுப்பேற்ற ஓர் அதிகாரி நாணயத்தைச் சுண்டித் தீர்மானிப்பாராயின் அதனை நியாயம் என ஏற்பவர் அரிது. எண்ணிக்கைக்கு அறத்தில் இடமுண்டு. அது ஒன்றே போதுமா என்பதுதான் அடுத்துவரும் வினா.

எண்ணிக்கை மறைப்பவை

எண்ணுவதற்கு முன் எதனை எண்ணுவது என்று ஒருவர் தீர்மானித்தாக வேண்டும். 1993இல் உலக வங்கி வெளியிட்ட அபிவிருத்தி அறிக்கை, நோயினாலும் அகால மரணத்தினாலும் இழக்கப்படும் ஆண்டுகளை ஓர் அலகாகக் கொண்டு நாடுகளின் நோய்ச் சுமையை அளந்தது. அக்கணிப்பில் இளம் வயதினரின் ஓராண்டு வாழ்வுக்குக் குழந்தையினதும் முதியவரினதும் ஓராண்டை விடக் கூடிய நிறை கொடுக்கப்பட்டது. எதிர்காலத்தில் வாழப்போகும் ஆண்டுகள் ஆண்டுக்கு 3 வீதம் கழித்து மதிப்பிடப்பட்டன. சுதீர் ஆனந்தும் காரா ஹான்சனும் 1997இல் இவற்றைக் கடுமையாக விமர்சித்தனர். 2010ஆம் ஆண்டுக்கான உலக நோய்ச்சுமை ஆய்வில் இவ்விரு நிறைகளும் கைவிடப்பட்டன. பதினேழு ஆண்டுகள் விஞ்ஞானம் எனக் கொள்ளப்பட்டதன் உள்ளே எவருடைய வாழ்வு பெறுமதி கூடியது என்ற மதிப்பீடு மறைந்து கிடந்தது என்பது இதனாற் புலனாகும். கணக்கு தவறானதென்பது இதன் பொருளன்று. கணக்கின் எடுகோள்கள் வெளிப்படையாக வைக்கப்பட்டு விவாதிக்கப்பட வேண்டும் என்பதே பொருளாகும்.

இரண்டாவதாக, சராசரி என்பது பலவற்றை மறைக்கும். இதற்கு இலங்கையே தக்க உதாரணமாகும். தலைக்குரிய வருமானம் குறைவாக இருந்தும் இலவசக் கல்வி, இலவச மருத்துவம், அரிசிப் பங்கீடு என்பவற்றால் மக்களின் ஆயுளை நீடித்த நாடென அபிவிருத்தி இலக்கியத்தில் இலங்கை பெரிதும் புகழப்பட்டது. அப்புகழ் நியாயமானதே. ஆயினும், அதே காலப்பகுதியில் நாட்டின் ஏற்றுமதி வருவாயிற் பெரும்பங்கை உழைத்துக் கொடுத்த மலையகத் தோட்டங்களிற் சிசு மரணவீதம் தேசிய சராசரியை விட மிக உயர்ந்திருந்தது. 1973-74 உணவுத் தட்டுப்பாட்டின்போது தோட்டங்களில் இறப்புகள் அதிகரித்தன. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தினால் நாடற்றவராக்கப்பட்ட அம்மக்களுட் பெரும்பாலோர்க்கு அக்காலத்தில் வாக்குரிமை இருக்கவில்லை. வாக்கில்லாதவரின் குழந்தை சராசரிக்குள் எண்ணப்பட்டதேயன்றி முன்னுரிமைக்குள் எண்ணப்படவில்லை. வெளிநாட்டிலிருந்து தேசிய சராசரியை மட்டும் நோக்கி உதவியைப் பங்கிடுபவரின் கண்ணுக்கு லயத்து அறைகள் தெரியமாட்டா.

மூன்றாவதாக, குறைந்த செலவிற் காக்கக்கூடியவரை முதலிற் காப்பது என்ற விதியைத் தொடர்ந்து பின்பற்றினால், செலவு கூடியவர் என்றென்றும் கடைசியிலேயே நிற்க நேரிடும். ஒரு குறித்த தொகையைக் கொண்டு சமவெளியிற் பத்துக் குழந்தைகளைக் காக்கலாம். மலைப்புறத்தில் ஆறு குழந்தைகளையே காக்கலாம் எனக் கொள்வோர், ஆறு குழந்தைகளுக்குரிய செலவு ஏன் கூடியது என வினவ வேண்டும். அங்கே பாதையில்லை, மருந்தகம் இல்லை, தாதி இல்லை. இவை இயற்கையின் செயல்கள் அல்ல. முன்னைய புறக்கணிப்பின் விளைவுகள். முன்னர் புறக்கணிக்கப்பட்டமையாற் செலவு கூடியது; செலவு கூடியமையால் மீண்டும் புறக்கணிப்பது என்பது ஒரே அநீதியை இருமுறை இழைப்பதாகும்.

ஜோன் ரோல்ஸ் 1971இல் வெளியிட்ட நீதி பற்றிய நூலில், சமூகத்தின் ஏற்றத்தாழ்வுகள் மிகவும் கீழ்நிலையில் உள்ளோர்க்கு நன்மை பயப்பனவாக இருந்தாலன்றி நியாயமாகா என்றார். அக்கோட்பாட்டை அவர் ஒரு சமூகத்தின் எல்லைக்குள்ளேயே நிறுத்திக்கொண்டார். நாடுகளுக்கிடையே அதனை விரிக்க வேண்டும் என 1979இல் சாள்ஸ் பைற்ஸ் வாதித்தார். நாடுகளுக்கிடையில் அது முற்றாகப் பொருந்துமா என்பது விவாதத்துக்குரியது. ஆனால், உதவி என்ற பெயராற் கொடுக்கப்படும் பணம் மிகவும் கீழ்நிலையில் உள்ளோரைத் தாண்டிச் செல்லுமாயின் அது தன் பெயருக்கே முரணானதாகும்.

கொடுப்போரின் முன்னுரிமை

இதுவரை கூறப்பட்டவை யாவும் உதவி வறியோரின் தேவையை நோக்கி வகுக்கப்படுகின்றது என்ற எடுகோளின் மேல் நின்றன. நடைமுறையில் வரிசையை வகுப்பது பெரும்பாலும் கொடுப்போரின் தேவையே. பிரித்தானியா மலேசியாவின் பேர்காவ் அணைக்கட்டுக்கு 23 கோடி பவுணுக்கு மேற்பட்ட தொகையை உதவியாக ஒதுக்கியது. மலேசியா மிக வறிய நாடுகளுள் ஒன்றன்று. அத்திட்டம் பொருளாதார ரீதியில் உகந்ததன்று எனப் பிரித்தானிய அதிகாரிகளே ஆலோசனை கூறியிருந்தனர். உதவி ஆயுத விற்பனையோடு தொடர்புற்றிருந்தமை பின்னர் வெளிப்பட்டது. 1994இல் இங்கிலாந்தின் நீதிமன்றம் அவ்வுதவி சட்டத்துக்கு முரணானது எனத் தீர்ப்பளித்தது.

எல்லா அணைக்கட்டுகளையும் இவ்வாறு ஒருங்கே தள்ளிவிடுவது தவறாகும். 30 ஆண்டுகளுக்கென வகுக்கப்பட்டிருந்த மகாவலித் திட்டம் 1977இன் பின் ஆறாண்டுகளுக்குள் துரிதப்படுத்தப்பட்டபோது, விக்டோரியாவைப் பிரித்தானியாவும், கொத்மலையைச் சுவீடனும், ரந்தெனிகலையை மேற்கு ஜேர்மனியும், மாதுறு ஓயாவைக் கனடாவும் பொறுப்பேற்றன. அவற்றால் மின்சாரமும் பாசனநீரும் கிடைத்தன என்பதை எவரும் மறுக்கமாட்டார். எனினும், ஒவ்வொரு நாடும் ஓர் அணையைத் தெரிந்துகொண்டதற்குக் காரணம் என்ன என்பது கேட்கத்தக்க வினாவே. அணை கண்ணுக்குத் தெரிவது, திறப்புவிழாவுக்கு உகந்தது, கொடுத்த பணத்திற் பெரும்பகுதி கொடுத்த நாட்டின் நிறுவனங்களுக்கே திரும்பிச் செல்ல வழிவகுப்பது. கிராமத்துக் கிணறும் மருத்துவிச்சியின் சம்பளமும் இவ்விலக்கணங்களுள் எதனையும் உடையன அல்ல. பழைய தெல்தெனியா நகரம் நீரில் மூழ்கியபோது இடம்பெயர்ந்தோர், திட்டத்தின் பயனாளிகளைக் குறிக்கும் நிரலில் அன்றி அதன் செலவைக் குறிக்கும் நிரலிலேயே இடம்பெற்றனர்.

தொடங்கியதைத் தொடர்தல்

முன்னுரிமை பற்றிய விவாதங்களிற் பெரிதும் மறக்கப்படுவது காலம் ஆகும். ஒரு பணியை முதலிடத்தில் வைப்பவர் எத்தனை காலம் அதனை அங்கே வைத்திருக்கப் போகிறார் என்பதையும் கூறக் கடமைப்பட்டவர். 1934-35இல் ஏறத்தாழ 80,000 உயிர்களைப் பலிகொண்ட மலேரியா, டி.டி.ரி. தெளிப்பின் பயனாக 1963இல் இலங்கை முழுவதிலும் 17 நோயாளர் என்ற அளவுக்குக் குறைந்தது. வெற்றி கிடைத்துவிட்டதெனக் கருதப்பட்டது, தெளிப்பு நிறுத்தப்பட்டது, கண்காணிப்புத் தளர்ந்தது. 1969இல் நோயாளர் தொகை 5 இலட்சத்தைத் தாண்டியது. 17 பேருக்காக இத்தனை செலவா என்று கேட்ட கணக்கு, அப்பதினேழு பேருக்குப் பின்னால் நின்ற இலட்சங்களைக் காணவில்லை. மீண்டும் பல தசாப்தங்கள் உழைத்த பின்னரே, 2016 செப்டெம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடென உலக சுகாதார ஸ்தாபனத்தாற் சான்றுபடுத்தப்பட்டது. நாடளாவிய சுகாதார சேவையும், நுளம்பைத் தேடித் திரிந்த களப்பணியாளரும், ஒவ்வொரு காய்ச்சலையும் பரிசோதித்த ஆய்வுகூடங்களும் இவ்வெற்றியைத் தாங்கின.

அல்மா-ஆட்டா விவாதத்துக்கு ஒரு விடையும் இங்கே கிடைக்கின்றது. தடுப்பூசி இயக்கம் 1980களில் வியத்தகு சாதனைகளைப் புரிந்தது. எல் சல்வடோரில் 1985ஆம் ஆண்டு, குழந்தைகளுக்குத் தடுப்பூசி ஏற்றுவதற்காக உள்நாட்டுப் போரே சில நாள்கள் நிறுத்தப்பட்டது. 1990இல் உலகக் குழந்தைகளுள் 80 வீதத்தினர்க்குத் தடுப்பூசி எட்டியதாக அறிவிக்கப்பட்டது. ஆனால், வெளியிலிருந்து வந்த ஊக்கமும் பணமும் தளர்ந்தபோது ஆபிரிக்க நாடுகள் பலவற்றில் அவ்வீதம் 1990களில் மீண்டும் சரிந்தது. இயக்கம் சென்ற வேகத்தில் நிலையான சேவை வளரவில்லை. தெரிவை ஆதரித்தோர் இன்றே காக்கக்கூடிய உயிர்களைக் கண்டனர். முழுமையை ஆதரித்தோர் நாளை அவ்வுயிர்களைக் காக்கப்போவது யார் என்பதைக் கண்டனர். முந்தியவர் தமது வழியை இடைக்கால உபாயம் என அழைத்தமை சரியே. இடைக்காலம் முடிவதற்கான ஏற்பாடு இல்லாமற் போனமையே குறையாகும்.

தீர்மானிப்பவர் யார்?

எஞ்சியிருப்பது அதிகாரம் பற்றிய வினா. எது முதலிடத்துக்கு உரியது என்பதை வாஷிங்டனிலோ ஜெனீவாவிலோ கோப்பன்ஹேகனிலோ அமர்ந்திருக்கும் நிபுணர்கள் வகுக்கிறார்கள். 2004இல் கோப்பன்ஹேகனிற் கூடிய பொருளியலாளர் எண்மர் உலகப் பிரச்சினைகளை வரிசைப்படுத்தி எயிட்சுத் தடுப்பை முதலிடத்தில் வைத்தனர். நிபுணத்துவம் வேண்டத்தக்கதே; உப்புக் கரைசலின் பயனை வாக்கெடுப்பினால் அறிய முடியாது. ஆனால், பசியோடு இருப்பவர் தம் வாழ்வில் எதனை முதன்மையாகக் கருதுகிறார் என்பது அவரிடமே கேட்டறிய வேண்டிய ஒன்று. தொலைவில் உள்ள கிணற்றுக்கு நாளும் நடக்கும் ஒரு தாய், மருந்தகத்துக்கு முன்னர் நீர்க்குழாயை வேண்டலாம். அவரது வரிசை நிபுணரின் வரிசையிலிருந்து வேறுபடுமாயின், அதனை அறியாமை என ஒதுக்குமுன் இருமுறை சிந்திக்க வேண்டும். நன்மை செய்யும் அவசரத்தில், நன்மை பெறுபவரை வாய்பேசாதவராகக் கொள்வதும் ஒருவகை அவமதிப்பாகும். பேசும் உரிமை உள்ளவிடத்து, தவறான முன்னுரிமையும் காலப்போக்கில் திருத்தப்படக்கூடும். சுயாதீனப் பத்திரிகைகளும் தேர்தல்களும் உள்ள நாடுகளிற் பெரும் பஞ்சங்கள் நிகழ்வதில்லை என அமர்த்தியா சென் சுட்டிக்காட்டியது இதனையே வலியுறுத்துகின்றது.

முடிவுரை

மேற்கூறியவற்றை ஒருங்கு நோக்குமிடத்து மூன்று நெறிகள் பெறப்படுகின்றன. முதலாவது, குறைந்த செலவிற் பல உயிர்களைக் காக்கும் பணிகள் முதலிடத்துக்கு உரியன; அவற்றைப் பின்தள்ளுபவர் அதற்குக் காரணம் காட்டக் கடமைப்பட்டவர். இரண்டாவது, எட்டுதற்கு அரியோர்க்கென ஒரு பங்கு எப்போதும் ஒதுக்கப்பட வேண்டும். கூடிய செலவு அவர்தம் குற்றமன்று. மூன்றாவது, வெளியார் சென்றபின்னும் தொடரத்தக்க சேவை உள்ளூரில் வளர்க்கப்பட வேண்டும். தொடர முடியாததைத் தொடங்குபவர் பின்னர் வரும் இழப்புக்கும் பொறுப்பாவர்.

முதல் நெறியும் இரண்டாம் நெறியும் ஒன்றோடொன்று மோதும் தருணங்கள் வரும். வேறுபாடு பத்துக்கும் ஆறுக்கும் இடைப்பட்டதாயின் நியாயம் பின்தங்கியோர் பக்கம் சாயலாம். அது ஆயிரத்துக்கும் பத்துக்கும் இடைப்பட்டதாயின் எண்ணிக்கையே வெல்ல வேண்டும். இடையில் எங்கே கோடு கிழிப்பது என்பதை எந்தச் சூத்திரமும் கூறமாட்டாது. பாதிக்கப்படுவோரும் அமர்ந்திருக்கும் சபையிற் காரணங்களை வெளிப்படையாக எடுத்துரைத்தே அதனைத் தீர்மானிக்க வேண்டியுள்ளது.

இவை இன்று அவசரம் மிக்க வினாக்களாகிவிட்டன. 2025ஆம் ஆண்டு பிரித்தானியா தனது உதவியை 2027இல் தேசிய வருமானத்தின் 0.3 வீதத்துக்குக் குறைக்கப்போவதாக அறிவித்தது. அதே ஆண்டு யூலை 1ஆந் திகதியுடன் அமெரிக்காவின் சருவதேச அபிவிருத்தி முகவரகம் தனி நிறுவனமாக இயங்குவது முடிவுக்கு வந்தது. பாத்திரம் சுருங்கும்போது பங்கிடுபவரின் பொறுப்புப் பெருகுகின்றது. ஆயினும், பங்கீட்டை மட்டும் ஆராய்ந்து பாத்திரத்தின் அளவை ஆராயாது விடுவது பாதி அறமேயாகும். 1990இல் ஐந்து வயதை எட்டுமுன் இறந்த குழந்தைகள் ஏறத்தாழ 1 கோடி 25 இலட்சம். 2022இல் அத்தொகை 50 இலட்சத்துக்குச் சற்றுக் குறைவாக இருந்தது. இவ்வீழ்ச்சி முயற்சி வீண்போவதில்லை என்பதைக் காட்டுகின்றது. எஞ்சிய குழந்தைகளுட் பெரும்பாலோர் இறப்பது மருந்து அறியப்படாத நோய்களால் அன்று. அவர்களை வரிசையிற் காத்திருக்கச் செய்வோர், அவ்வரிசை ஏன் இத்தனை நீளமானது என்பதற்கும் விடை கூறக் கடமைப்பட்டவராவர்.